இரவு 12 மணிக்குப் படுத்து விடிய 4.30க்கு எழும்புகிறேன், எதில் இருந்து தொடங்கலாம்?

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மகள் இந்த முறை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிறாள், மகன் ஏழாம் வகுப்பு. மாமியும் எங்களோடுதான் இருக்கிறா. இவர் லண்டனில்.

போன மாதம் வேலையிடத்தில் எல்லாருக்கும் இரத்தம் சோதித்தார்கள். சாப்பிடாமல் எடுத்த சீனி எனக்கு 112. பிரஷர் சரி. டொக்டர் பார்த்துவிட்டு, “இப்போதைக்கு மருந்து வேண்டாம், சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றுங்கோ, மூன்று மாதத்தால் திரும்பப் பார்ப்பம்” என்றார். வெளியே வரிசை நின்றது. எதை மாற்றுவது, எதில் தொடங்குவது என்று ஆறுதலாகக் கேட்க வாய்க்கவில்லை. என் அம்மாவுக்கும் சலரோகம் இருந்தது. கடைசிக் காலத்தில் ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் காலுக்கு மருந்து கட்டினது நான்தான். அதனால் இந்த 112ஐ லேசாக எடுக்க என்னால் முடியவில்லை.

என் நாள் இப்படித்தான் போகும். விடிய 4.30க்கு எழும்பி இடியப்பமோ புட்டோ அவித்து, மத்தியானத்துக்குச் சோறு கறி ஆக்கிக் கட்டி, 7 மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஸ்கூட்டியில் வேலைக்கு. அங்கே இருந்தபடி வேலை, இடையில் தேத்தண்ணி. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது வயிறு எரியும் அளவுக்குப் பசி. அந்த நேரம் பார்த்துப் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும், பணிஸோ றோலோ வாங்கிச் சாப்பிடுவோம். 6.30க்கு மகளை ரியூசனால் கூட்டிவந்து, பிறகு இரவுச் சாப்பாட்டு வேலை. நாங்கள் சாப்பிட 9.30 ஆகும். பாத்திரம் கழுவி அடுப்படி துடைத்து முடிய, இவர் வேலையால் வந்து 11 மணிக்கு எடுப்பார். கதைத்துவிட்டுப் படுக்க 12. படுத்தாலும் உடனே நித்திரை வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளில் பாய்கிறேன். மகன் தண்ணிப் போத்தலை ரியூசனில் விட்டுவிட்டு வந்தான் என்பதற்காக நான் போட்ட சத்தத்தில் மாமி எழும்பி வந்து என் கையைப் பிடித்தா. நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை. உடம்பும் மனமும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.

இணையத்தில் தேடினால் ஓட்ஸ், ஜிம், சலாட் என்று வருகிறது. எங்கட வீட்டுக்கு அது சரிவராது. எங்கட சாப்பாட்டோடு, எங்கட நேரத்தோடு செய்யக்கூடிய ஒன்றிரண்டு பழக்கம் சொல்லுங்கோ. நிறையச் சொன்னால் ஒன்றும் நடக்காது.

ஆய்வுகூடத் தம்பி:

அக்கா, முதலில் அந்த 112. சாப்பிடாமல் எடுத்தால் 100க்குக் கீழ் சாதாரணம். 126 அல்லது அதற்கு மேல் வந்து, இன்னொரு நாள் எடுத்தும் அப்படியே இருந்தால்தான் சலரோகம் என்பார்கள். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். இந்த இடத்தில் இருந்து திரும்பி வரலாம். மருந்து இல்லாமல் 90களுக்கு இறங்கின ஆட்களின் அறிக்கையை நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கோ.

அடுத்த முறை எடுக்கும்போது எச்.பி.ஏ.வன்.சி சோதனையையும் சேர்த்து எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கோ. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும். 5.7க்குக் கீழ் நல்லது, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சலரோகம். சாப்பிடாமல் வரச் சொன்னால் குறைந்தது 8 மணித்தியாலம் தண்ணீர் மட்டும்தான். “ஒன்றும் சாப்பிடவில்லை, விடிய ஒரு தேத்தண்ணி மட்டும்தான்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எங்களிடம் நாளாந்தம் வருகிறார்கள். சீனி போட்ட தேத்தண்ணியும் சாப்பாடுதான், அக்கா.

அரச வைத்தியசாலைகளில் சலரோகம், பிரஷர் போன்ற தொற்றாநோய்களுக்கு முன்கூட்டியே பார்க்கிற கிளினிக் இருக்கிறது. நிறை, இடுப்பளவு, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். அம்மாவுக்கு இருந்தது என்றபடியால் உங்கட சகோதரங்களையும் ஒருக்கால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ. பழக்கவழக்கம் பற்றி என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

சைக்கிள் மிட்வைஃப்:

பிள்ளை, நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். உடுவில், சுன்னாகம், இணுவில் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் எனக்குச் சைக்கிள் ரயர் தேய்ந்த இடங்கள். 90களில் பெற்றோல் வராத காலத்தில் நான் மட்டுமா, யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடினது.

உம்மட நாளை வாசித்தால் எனக்கு முதலில் தெரிவது இரவுதான். சீனியும் கோபமும் இரண்டு வருத்தம் என்று நீர் நினைக்கிறீர். இரண்டும் அந்த ஒரு இரவில் இருந்துதான் வருகின்றன. 12க்குப் படுத்து 4.30க்கு எழும்பினால் நாலரை மணித்தியாலம், அதிலும் புரண்டு படுக்கிற நேரத்தைக் கழிக்க வேணும். வளர்ந்த ஒரு ஆளுக்கு 7 மணித்தியாலமாவது நித்திரை வேண்டும். நித்திரை குறைந்த உடம்பில், இரத்தத்தில் உள்ள சீனியைக் குறைக்கிற இன்சுலின் வடிவாக வேலை செய்யாது. அடுத்த நாள் பசி கூடும், அந்தப் பசியும் கீரையைத் தேடாது, மாவையும் இனிப்பையும்தான் தேடும். பாண் ஓட்டோவின் பாட்டு உமக்கு அவ்வளவு சத்தமாகக் கேட்பது அதனால்தான். பொறுமை இல்லாமல் போவதும் அதனால்தான். நாலரை மணித்தியாலம் படுத்தெழும்பினவள் தண்ணிப் போத்தலுக்குக் கத்தாமல் என்ன செய்வாள்? உம்மட குணம் மாறவில்லை, உமக்கு நித்திரை காணாது.

4.30க்கு எழும்பத்தான் வேணும் என்றால் 9.30க்குப் படுக்க வேணும். அதற்கு வழி, இரவுச் சாப்பாட்டை 7 மணிக்குக் கொண்டுவருவது. 9.30க்குச் சாப்பிடுவது எங்கட சனத்தின் பழைய பழக்கம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் 7, 7.30க்குச் சாப்பாடு முடிந்துவிடும். ரியூசனும் ரி.வி.யும் போனும் வந்த பிறகுதான் இப்படித் தள்ளிப் போனது. மகளைக் கூட்டிவந்த கையோடு சாப்பாட்டைப் போடும். பிள்ளைகளுக்கும் அந்த நேரம்தான் உண்மையான பசி. சாப்பிட்டுவிட்டுப் படிக்கட்டும். சனி ஞாயிறில் மாவை வறுத்து அரித்து, தேங்காயைத் துருவிப் பெட்டியில் போட்டு வைத்தால் புட்டு அவிக்க அரைமணித்தியாலம் போதும். குழம்பு மத்தியானத்தின் மிச்சம் காணும், புதிதாக ஒரு வறை மட்டும் செய்தால் சரி.

இனி உம்மட சாப்பாட்டுக் கோப்பைக்கு வருவம். வீடுகளுக்குப் போன காலத்தில் கர்ப்பிணிப் பிள்ளைகளிடம் இரவு என்ன சாப்பிட்டீர் என்று கேட்பேன். “புட்டும் மீன்குழம்பும்” என்பாள். நான் அதோடு விடமாட்டேன், அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பேன். குழம்பு இருக்கும், துண்டு இருக்காது. தலைத்துண்டு மாமாவுக்கு, நடுத்துண்டு மனிசனுக்கு, வால் பிள்ளைக்கு. அவள் எல்லாருக்கும் போட்டு முடித்துவிட்டு, நீத்துப்பெட்டியில் மிஞ்சின புட்டைத் தட்டிச் சட்டிக்குள் போட்டு, ஓரத்தில் ஒட்டின குழம்பில் பிரட்டி, நின்றபடி நாலு வாய் சாப்பிடுவாள். வயிறு நிறையும், ஆனால் முழுக்க மாச்சத்து. உம்மட அடுப்படியும் 9.30க்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே பிள்ளைகளோடு சேர்ந்து, இருந்து சாப்பிடும். உம்மட கோப்பையை முதலே போட்டு வையும். அரைவாசிக் கோப்பைக்கு முருங்கையிலை வறையோ, பொன்னாங்காணியோ, கோவா வறையோ. கால்வாசிக்கு மீன், முட்டை, இல்லாவிட்டால் அவித்த பயறு. மிச்சக் கால்வாசி புட்டு. வறையையும் மீனையும் முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் புட்டுக்குப் போனால் சீனி அவ்வளவு வேகமாக ஏறாது. சூடை, சாளை போன்ற சின்ன மீன் மலிவு, சத்தும் குறைவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் பயறோ கடலையோ சேரும். குரக்கன் புட்டு நல்லது, நார்ச்சத்து இருக்கு. ஆனால் குரக்கன் என்றபடியால் இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம், அதுவும் மாத்தான்.

சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நட. ஓடத் தேவையில்லை, சப்பாத்தும் வேண்டாம். கால் தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் ஏறுகிற சீனியைத் தசை தானாக இழுத்துக்கொள்ளும், இன்சுலினையே முழுக்க நம்பி இருக்கத் தேவையில்லை. அதனால் சாப்பிட்ட பிறகு நடக்கிற 15 நிமிடம் சீனிக்காரருக்குப் பெறுமதியான நேரம். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது. நாளாந்தம் இப்படி நடந்தாலே 100 தாண்டிவிடும். மிச்சத்துக்கு சந்தைக்கும் கோயிலுக்கும் ஸ்கூட்டியை விட்டுவிட்டுப் போம்.

தேத்தண்ணி. எத்தனை கரண்டி, எத்தனை தரம் என்று நீர் எழுதவில்லை, ஆனால் எங்கட சனத்தை எனக்குத் தெரியும். ஒரு தட்டைத் தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். இரண்டு கரண்டி போட்டு ஐந்து தரம் குடித்தால் 40 கிராம். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பார்கள். ஒரேயடியாக நிற்பாட்டாமல் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும். இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணிக்கு அவ்வளவு சீனி கேட்காது. பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தால் சலரோகத்துக்குப் பாதகமில்லை என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்னத் துண்டு கடிப்பதால் சீனியின் அளவு குறையுமே தவிர, பனங்கட்டியும் உடம்புக்குள் போனால் சீனிதான். கடைசித் தேத்தண்ணி பின்னேரம் 4 மணிக்குள் முடிய வேணும். தேயிலையில் உள்ள, நித்திரையைக் கலைக்கிற கபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும்.

11 மணிப் போன் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நீரும் அவரும் கதைத்து முடிவெடுக்க வேண்டியது. ஆனால் அந்தப் போன் அங்கேயே நின்றால் 9.30க்குப் படுக்கிற கதை நடக்காது, பிள்ளை.

கொக்குவில்காரி:

அன்ரி, நீங்கள் என் அடுப்படிக்குள் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். மாமியிடம் வாசித்துக் காட்டினேன். “அந்த மிட்வைஃப் அம்மா சரியாத்தான் சொல்லுறா, துண்டு மிச்சமில்லாட்டி எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே” என்று என்னைப் பேசினா. ஒரு தேத்தண்ணிக்கு இரண்டரைக் கரண்டி போடுகிறேன், ஒபீசில் இன்னும் கூட இருக்கும்.

7 மணிச் சாப்பாடு செய்யலாம். மாமிக்கும் இரவு நெஞ்செரிவு இருக்கிறது, அவவுக்கும் கெதியாகச் சாப்பிட விருப்பம்தானாம், எங்களுக்காகத்தான் காத்திருந்தவவாம்.

நடப்பதுதான் கஷ்டம். எங்கட ஒழுங்கையில் 7.30க்கு நாய்கள் கூட்டமாக நிற்கும், தெருவிளக்கு ஒன்றுதான். அதோடு, மனிசன் வெளிநாட்டில் இருக்கிற பெண் இரவில் ஒழுங்கையில் நடந்தால் ஆட்கள் ஒரு கதை கதைப்பார்கள். எனக்கு அதைத் தாங்க மனம் இல்லை.

போன் பற்றி. அவர் அங்கே தனியே ஒரு அறையில் இருக்கிறார். வேலையால் வந்து எங்கட முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். நான் நித்திரை கொள்ள வேணும், 11 மணிக்கு எடுக்காதேங்கோ என்று எப்படிச் சொல்வது? அவருக்கு நோகும்.

லண்டன் பக்கத்துக்காரன்:

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு நான் மறுபக்கத்தில் இருந்து எழுதுகிறேன். என் மனைவியும் பிள்ளைகளும் மானிப்பாயில். நானும் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே போனை எடுக்கிற ஆள்தான். அந்த அறையின் அமைதி எப்படி என்று எனக்குத் தெரியும். உங்கட கணவருக்கு அந்த அழைப்பு சாப்பாட்டை விடப் பெரிது, நீங்கள் அதை விளங்கி வைத்திருப்பதற்கு உங்களைக் கும்பிட வேணும்.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். இங்கே 6.30 என்பது எங்களுக்குப் பின்னேரம். வெளியே வெளிச்சம் இருக்கும், நாங்கள் அப்போதுதான் வேலையால் வந்து மூச்சு விடுவோம். அங்கே அது 11 மணி என்பது மண்டைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. திரையில் மனைவி சிரித்தால் எல்லாம் சுகம் என்று நினைத்துக்கொள்வோம். 112 வந்தது அவருக்குத் தெரியுமா? நீங்கள் எழுதினதில் அது இல்லை. தெரியாது என்றால், நேரத்தை மாற்றுவது பற்றிக் கதைக்க முதல் அதைச் சொல்லுங்கோ. அம்மாவின் காலுக்கு மருந்து கட்டினது நீங்கள் என்பது அவருக்கு மறந்திருக்காது. இப்படி ஒரு சோதனை முடிவை மறைத்துவிட்டு “எனக்கு நித்திரை வருது” என்று மட்டும் சொன்னால்தான் நோகும்.

நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன். கோடையில் இங்கேக்கும் அங்கேக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். என் சாப்பாட்டு இடைவேளை 1 மணிக்கு, அது மானிப்பாயில் 5.30. அந்த நேரம் பிள்ளைகள் உசாராக இருப்பார்கள், மனைவி வெளிவிறாந்தையில் இருப்பா. பத்து நிமிடம்தான், ஆனால் கிணற்றடி, பின்னேர வெயில், பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் சேர்ந்து தெரியும். இரவு 11 மணிக்கு எடுத்த காலத்தில் நான் கண்டதெல்லாம் ஒரு சுவரும் களைத்த முகமும்தான். வேலையால் வந்த பிறகு நான் குரல் பதிவாக என் நாளை வட்ஸ்அப்பில் சொல்லி அனுப்புவேன், அவ விடிய இடியப்பம் பிழியும்போது கேட்பா. அவவின் பதில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது வந்து கிடக்கும். காசுக் கதை, பள்ளிக்கூடக் கதை, மனத்தாங்கல் எல்லாம் சனிக்கிழமைக்கு. இங்கே காலை 9, அங்கே மத்தியானம் 1.30. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலம் என்று கதைப்போம். இரவில் களைத்துப் போய்க் கதைத்த நாட்களில் எங்களுக்குள் வந்த சண்டை சச்சரவு இப்போது இல்லை.

நேரம் மாறியபோது முதல் கிழமை எனக்கு வெறுமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்த நேரத்தில் சமைக்கப் பழகினேன். அதுவரை பாணும் ரின் மீனும்தான். அவருக்கும் அந்த நேரத்தை நிரப்ப ஏதாவது வேண்டும், அதையும் சேர்த்து யோசித்துக் கதையுங்கோ.

சாவகச்சேரி ரீச்சர்:

வணக்கம். மேலே எழுதினவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. மனம் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும் போல் இருந்தது.

நித்திரை சரிவந்தால் கோபம் குறையும் என்று மிட்வைஃப் அம்மா சொன்னது பெரும்பாலும் நடக்கும். ஆனால் நேரத்துக்குப் படுத்தும் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராமல் இருந்தால், எதிலும் விருப்பம் இல்லாமல் போனால், காரணம் இல்லாமல் அழுகை வந்தால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் பழக்கவழக்கத்தோடு மட்டும் நிற்கக் கூடாது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறேன். சளிக்கு மருந்து எடுக்க வெட்கப்படாதவர்கள் இதற்கு மட்டும் வெட்கப்பட்டு வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு போவதைக் கண்டால் எனக்கு வயிறு பற்றி எரியும்.

நாளாந்தம் செய்யக்கூடியது என்று கேட்டால், வேலையால் வந்தவுடன் பத்து நிமிடம் உங்களுக்கு என்று வையுங்கோ. முந்தி வீட்டுக்கு வருகிறவர்கள் கிணற்றடியில் கால் முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதைத் திரும்பச் செய்யுங்கோ. கழுவிவிட்டு அங்கேயே இருந்து மூச்சை மெதுவாக எடுத்து, எடுத்ததைவிட நீளமாக விடுங்கோ. மூச்சு விடுவது நீண்டால் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். நீங்கள் சைவமோ கிறிஸ்தவமோ எனக்குத் தெரியாது. நமசிவாய என்றோ செபமாலையோ, பழகின ஒன்றை அந்த மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவம் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் மனம் உடைந்து வந்தவர்களுக்கு இப்படி எங்கட சனத்துக்குப் பழக்கமான வழிகளைத்தான் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் பிள்ளைகள் ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லி வையுங்கோ. கேட்பார்கள்தான், நாலைந்து நாளில் பழகிவிடுவார்கள்.

அடுத்தது, அன்றைக்கு மாமி வந்து உங்கட கையைப் பிடித்தா என்று எழுதியிருந்தீர்கள். பேசாமல் கையைப் பிடிக்கத் தெரிந்த மாமி ஒரு வீட்டில் இருப்பது பெரிய விஷயம். உங்களுக்கு என்ன பயம் என்று அவவிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா?

சைக்கிள் மிட்வைஃப்:

ரீச்சர் சொன்னதைத் தவறவிடாதையும், பிள்ளை. முக்கியமான ஆள் ஒருவரை நான் விட்டுவிட்டேன், அவ ஞாபகப்படுத்தியிருக்கிறா. மாமி.

ஒழுங்கையில் நடக்க ஏலாது என்றால் வளவுக்குள் நட. கொக்குவில் வளவு என்றால் படலையில் இருந்து கிணறு வரைக்கும் நல்ல தூரம் இருக்கும். மாமியையும் கூட்டிக்கொண்டு நட. சாப்பிட்டவுடன் படுத்தால் நெஞ்செரிவு கூடும், ஆகவே இந்த நடை அவவுக்கும் மருந்து. மகள் படிக்கிற பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லி உங்களோடு நடக்கட்டும். இருட்டில் கால் தடக்காமல் முற்றத்து லைட்டைப் போடும், வயதான ஆள் விழுந்தால் அது பெரிய கரைச்சல். மாரிக்கு வளவு சேறாகும், அப்போது விறாந்தைக்குள் நடக்கலாம். விடுமுறை நாளில் வெயில் ஏற முதல் கோயிலுக்கு நடந்து போங்கோ. கோயிலுக்குப் போகிறவளை ஆரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் கிழமை 7 மணிச் சாப்பாடு மட்டும். அது பிடிபட்ட பிறகு நடை. பின்னேரப் பசிக்கு அவித்த கடலையோ பயறோ ஒரு கிண்ணம் விடியவே எடுத்து வைத்துவிட்டுப் போம், பாண் ஓட்டோ வரும்போது வயிறு வெறுமையாக இருக்கக் கூடாது.

ஆய்வுகூடத் தம்பி:

பிள்ளைகளின் குளிர்பானம் பற்றி ஒரு வரி. இலங்கையில் 2016இல் இருந்து போத்தலில் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை. கடையில் அந்த நிறத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லி மகனுக்குப் பழக்குங்கோ. எங்கட வீட்டில் இப்போது என் மருமகன்தான் எல்லாருக்கும் பார்த்துச் சொல்கிறான்.

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் நன்றி. எழுதாமல் விட்டதற்குக் காரணம், சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு வருவம் என்று இருந்தேன்.

அவருக்கு 112 தெரியாது, லண்டன் அண்ணா சரியாகப் பிடித்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு “இதை ஏன் முதலே சொல்லேல்லை” என்று கேட்டார். அடுத்த நாளில் இருந்து அவரே 5.30க்கு எடுக்கிறார். இரவில் குரல் பதிவு வருகிறது. அவர் தன் நாளை இவ்வளவு விவரமாகச் சொல்லி நான் முந்திக் கேட்டதே இல்லை.

7 மணிச் சாப்பாடு பிடிபட்டுவிட்டது. என் கோப்பையை மாமி போட்டு வைக்கிறா, மீன் துண்டை முதலில் அதில்தான் வைக்கிறா. நான் படுக்க 10 மணி ஆகிறது, 9.30க்கு இன்னும் வரவில்லை. நடையை இந்தக் கிழமைதான் தொடங்கியிருக்கிறோம், மாமியும் நானும் மகளும். மகனோடு சத்தம் குறைந்திருக்கிறது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒபீசில் தேத்தண்ணிக்கு என் சீனியை நானே போடுகிறேன், ஒன்றரைக் கரண்டி. மாமியிடம் அம்மாவின் காலைப் பற்றி எல்லாம் சொன்னேன், ரீச்சர். அவவும் தன்ர தாயின் கதையைச் சொன்னா, எனக்கு அது இதுவரை தெரியாது.

லண்டன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. குளிர் காலத்தில் உங்கட நேரம் மாறும் என்று இவர் சொல்கிறார். அப்போது அவரின் 1 மணி எங்களுக்கு 6.30 ஆகிவிடும். அது நான் மகளைக் கூட்டிவரப் போகிற நேரம், வந்தவுடன் சாப்பாடு. அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

லண்டன் பக்கத்துக்காரன்:

ஒக்டோபர் கடைசி ஞாயிறில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் வைப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். நான் அந்த மாதங்களில் சாப்பாட்டு இடைவேளையை 12க்கு மாற்றித் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன், குடும்பம் ஊரில் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். 12 என்றால் உங்களுக்கு அதே 5.30தான். அவரையும் ஒக்டோபருக்கு முதலே கேட்டு வைக்கச் சொல்லுங்கோ, கடைசி நேரத்தில் கேட்டால் மற்றவர்கள் அந்த நேரத்தை எடுத்துவிடுவார்கள். இடைவேளை மாறாத வேலை என்றால், விடிய 6 மணிக்கு வெளிக்கிடும்போது எடுக்கலாம். அது உங்களுக்கு முற்பகல் 11.30, ஒபீசில் உங்கட தேத்தண்ணி நேரத்தோடு ஒத்துவருமா என்று பாருங்கோ. பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூட நேரம், அவர்களுக்குச் சனிக்கிழமை இருக்கிறது.